லாஸ் ஏஞ்சலஸ்: கார் இல்லாமல் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

வணக்கம். அலுவல் காரணமாக ஜூன் மாதத்தில் லாஸ் ஏஞ்சலஸ் செல்கிறேன். பணி முடிந்ததும் சில நாட்கள் தங்கி ஊரைப் பார்க்க எண்ணம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வரைபடத்தில் ஹாலிவுட் ஒரு புறமும் கடற்கரை மறுபுறமுமாக இருக்கின்றன. நகரின் மையம் எதுவென்றே புலப்படவில்லை. எங்கே தங்குவது, எதை முதலில் பார்ப்பது என்று அறிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

மையம் புலப்படாததில் வியப்பில்லை. நகர எல்லை மட்டுமே 1,200 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. அதற்குள்ளும் அருகிலும் பெவர்லி ஹில்ஸ், சாண்டா மோனிகா போன்றவை தனி நகராட்சிகளாக இருக்கின்றன. ஹாலிவுட்டும் தனி ஊராக இருந்து, 1910-இல்தான் இந்நகரோடு இணைந்தது. ஆகவே ஒரு நாளுக்கு ஒரு திசை என்று வகுத்துக்கொள்ளுங்கள். டவுன்டவுன் பகுதியில் மெட்ரோ நிலையத்துக்கு அருகில் தங்கினால், பி தடம் ஹாலிவுட்டுக்கும், இ தடம் சாண்டா மோனிகா கடற்கரைக்கு நடக்கும் தொலைவு வரையிலும் உங்களைக் கொண்டுசேர்க்கும்.

முதல் நாளை டவுன்டவுனுக்கே கொடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. 1781-இல் ஸ்பானிய ஆட்சியின்கீழ் தோன்றிய குடியிருப்பின் நினைவைத் தாங்கும் ஓல்வேரா தெரு, அதன் எதிரே 1939-இல் திறக்கப்பட்ட யூனியன் ரயில் நிலையம், பல படங்களில் இடம்பெற்ற 1893-ஆம் ஆண்டின் பிராட்பரி கட்டடம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பிராட்பரியின் உள்முற்றத்தில் கண்ணாடிக் கூரை வழியே இறங்கும் ஒளியைக் கண்டால், இயக்குநர்கள் ஏன் அதை நாடி வருகிறார்கள் என்பது விளங்கும்.

பதில் 2

திரைப்படத்துக்காகச் செல்பவராயின் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹாலிவுட் பொலிவார்டில் சைனீஸ் தியேட்டர் என்னும் பழைய திரையரங்கின் முற்றத்திலுள்ள நட்சத்திரங்களின் கைத்தடங்களைத் தவிர நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. பெரிய ஸ்டுடியோக்களில் பாரமவுண்ட் மட்டுமே இன்னும் ஹாலிவுட்டில் இருக்கிறது. வார்னர் பிரதர்ஸ் பர்பேங்க் நகரில் உள்ளது. மலைமேல் தெரியும் புகழ்பெற்ற எழுத்துகள்கூட, 1923-இல் வீட்டுமனை விற்பனைக்காக ‘ஹாலிவுட்லாண்ட்’ என்று நிறுத்தப்பட்ட விளம்பரம்தான். 1949-இல் கடைசி நான்கு எழுத்துகளை நீக்கினார்கள். அவற்றைக் காண கிரிஃபித் வானாய்வகமே சிறந்த இடம். நுழைவுக் கட்டணம் இல்லை, திங்கட்கிழமை விடுமுறை. பி தடத்தில் வெர்மாண்ட்–சன்செட் நிலையத்தில் இறங்கினால் ‘டாஷ்’ எனும் நகரப் பேருந்து மேலே அழைத்துச் செல்லும். பிற்பகலில் சென்று இருட்டும்வரை இருங்கள். நகரின் முழு விரிவும் அப்போதுதான் கண்ணுக்கு எட்டுகிறது.

பதில் 3

மெட்ரோவை மட்டும் நம்பினால் மேற்குப் புறத்தில் சிலவற்றை இழப்பீர்கள் என்பதையும் சேர்க்க விரும்புகிறேன். கெட்டி மையம் என்னும் கலை அருங்காட்சியகத்துக்கு ரயில் இல்லை; பேருந்திலோ வாடகைக் காரிலோ செல்லலாம். அனுமதி இலவசம் எனினும் நேரத்தை முன்பதிவு செய்ய வேண்டும். மாலை நெரிசலில் அதன் அருகே செல்லும் 405 நெடுஞ்சாலை நகரவே நகராது என்பதால் காலையிலேயே புறப்படுங்கள். ஜூனில் கடலோரம் முற்பகல் வரை மேகமூட்டமாக இருப்பது வழக்கம். எனவே சாண்டா மோனிகாவைப் பிற்பகலுக்கு வைத்துக்கொண்டு, மாலைக் குளிருக்கு ஒரு மெல்லிய மேலாடையும் எடுத்துச் செல்லுங்கள்.