வேகன் ஆர் வாங்குகிறோம்: விலையைக் கேட்டால் மாதத் தவணையைச் சொல்கிறார், எப்படிப் பேசுவது?

உப்புவெளி டீச்சர்:
வணக்கம். திருகோணமலை டவுனில் ஒரு கார் சேலில் 2016 வேகன் ஆர் ஒன்று பார்த்திருக்கிறோம். மீட்டரில் 68,000 கிலோமீட்டர். விலை 64 லட்சம் என்கிறார்கள். எங்கள் பழைய ஆல்டோவைக் கொடுத்து, கையில் உள்ளதையும் போட்டு, மிச்சத்துக்கு லீசிங் எடுக்கலாம் என்று நினைக்கிறோம். ஆனால் விலையைக் குறைக்கக் கேட்டால், "மாதம் எவ்வளவு கட்டுவீங்கள், அதைச் சொல்லுங்கோ" என்கிறார். 50,000 என்றோம். கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, சரி செய்யலாம் என்றார். விலை குறைந்ததா, ஆல்டோவுக்கு என்ன போட்டார், ஒன்றும் விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் முற்பணம் தராவிட்டால் ஹபரணையில் இருந்து ஒருவர் வந்து எடுத்துவிடுவாராம். என் கணவருக்குத் தெரிந்த மனிதர் என்பதால் அடித்துப் பேசவும் கூச்சமாக இருக்கிறது.

கிண்ணியா நானா:
டீச்சர், 50,000 என்ற தொகையை இனி அவர் முன்னால் எடுக்கவே வேண்டாம். அதைப் பிடித்துக்கொண்டால் வருடத்தைக் கூட்டியே எந்த விலையையும் அதற்குள் அடக்கிவிடலாம். 20 லட்சம் லீசிங்குக்கு 60 மாதம் 50,000 கட்டினால் மொத்தம் 30 லட்சம். "வருடத்துக்குப் பத்து வீதம்தான்" என்பார்கள். கடன் மாதாமாதம் குறைந்துகொண்டு வருவதைக் கணக்கில் எடுத்தால் உண்மையான வட்டி 17 வீதத்துக்கும் மேல்.

கார் விலை, ஆல்டோ, லீசிங் மூன்றையும் தனித்தனியாகப் பேசுங்கள். முதலில், "முழுக் காசும் தந்தால் கடைசி விலை என்ன?" அது முடியும்வரை ஆல்டோவைப் பற்றிய கதையே வேண்டாம். அதற்கு முன் ஆல்டோவை வெளியில் இரண்டு பேரிடம் காட்டி விலை கேட்டு வையுங்கள். லீசிங்கைக் கடைசியாக எடுங்கள். அவர் சொல்லும் கம்பனியோடு நிற்காமல் வங்கியிலும் கேளுங்கள். ஆள் பிடித்துக் கொடுத்தால் கார் சேலுக்குப் பெரும்பாலும் கமிஷன் உண்டு. வாகனப் பெறுமதியில் எத்தனை வீதம்வரை கடன் தரலாம் என்று மத்திய வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தெரிந்தவர் என்று கூச்சப்பட வேண்டாம். விலை கேட்பது அவமரியாதை இல்லை.

கந்தளாய் கராஜ்:
நானா சொன்னது சரி. ஆனால் வாகனத்தைப் பார்க்காமல் எந்த விலைக்கும் ஓம் சொல்லாதீங்கோ அக்கா. பழக்கமான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போய், என்ஜின் சூடாகும் முன் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். பிழைகளைக் காட்டும் கம்ப்யூட்டர் ஸ்கேன் போட விடமாட்டேன் என்றால் அந்த வாகனமே வேண்டாம்.

68,000 என்பது உண்மையா என்று மிதியைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து வழவழப்பாக இருந்தால், ஸ்டியரிங் தோலும் பளபளத்தால், மீட்டரை நம்ப வேண்டாம். ஜப்பானில் ஏலத்தில் எடுத்த வாகனம் என்றால் ஏலத்தாளைக் கேளுங்கள், அதில் அன்றைய கிலோமீட்டர் இருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019 இன் 23ஆம் வாரம் செய்த டயர். அவ்வளவு பழசென்றால் நான்கு டயர் காசையும் விலையில் கழிக்கச் சொல்லலாம்.

இன்னொன்று. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் நாடு முழுக்க எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறையோ பூஞ்சை மணமோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். எங்கள் பக்கத்துக் கடற்காற்றுக்கு அடிப்பக்கத்துத் துருவையும் பார்க்க வேண்டும். பிழை கிடைத்தால் கடதாசியில் எழுதி, திருத்தச் செலவைப் போட்டுக் காட்டுங்கள். சும்மா "குறையுங்கோ" என்பதைவிட அது வேலை செய்யும்.

நிலாவெளி வாசகன்:
ஹபரணை ஆள் வந்தால் வரட்டும். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்ற பிறகு வாகனம் கிடைப்பதே பெரிதாக இருந்தது, அப்போது இந்தப் பேச்சுக்குப் பயப்படலாம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். வேகன் ஆர் குருநாகல் பக்கமும் நிறைய நிற்கும். அதே வருட வாகனங்களின் விலைகளை போனில் எடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.

உப்புவெளி டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. மெக்கானிக்கோடு போனோம். முன் டயர் இரண்டும் பழசு, சில்லைத் தாங்கும் கீழ்க்கையில் ஒரு ரப்பர் புஷ் போயிருக்கிறது, வெள்ள அடையாளம் இல்லை. கணக்கை எழுதிக் காட்டியதும் கைக்காசு விலை 61 லட்சத்து 50 ஆயிரத்துக்கு வந்தார். ஆல்டோவை வெளியில் விற்கப் போகிறோம். இப்போது ஒரு லட்சம் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கிண்ணியா நானா:
கொடுக்கலாம், ரசீதோடு. செசி நம்பர், பேசிய முழு விலை, லீசிங் கிடைக்காவிட்டால் முற்பணம் திரும்பும் என்ற வரி, மூன்றும் அதில் இருக்க வேண்டும். அதற்கு முன் பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதியைக் கையில் வாங்கி, முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஏதாவது லீசிங் கம்பனியின் பெயர் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அந்தக் கடன் தீர்ந்த கடிதம் வரும்வரை ஒரு சதமும் கொடுக்காதீங்கோ. ஓப்பின் பேப்பரில், அதாவது வாங்குபவர் பெயர் போடாமல் கையெழுத்து மட்டும் வைத்த படிவத்தில், தருகிறேன் என்றாலும் வேண்டாம், உங்கள் பெயருக்கே மாற்றிக் கேளுங்கள்.