கல் இச்சி போன்சாயில் கொழுந்து மட்டும் மஞ்சளாகிறது, உரம் போடலாமா?

மொட்டைமாடிக்காரன்:
தாம்பரத்தில் இருக்கிறேன். எட்டு வருஷமாக வளர்க்கும் கல் இச்சி, ஒன்றரை அடி உயரம், ஆழமில்லாத சிமென்ட் தட்டு. மூன்று வாரமாக இலை மஞ்சளாகிறது. தண்ணீர் அதிகமோ என்று இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தேன். கொழுந்து துவண்டதுதான் மிச்சம். நர்சரியில் கேட்டால் உரப் பாக்கெட் ஒன்றைக் கையில் திணித்துவிட்டார்கள். இன்னும் பிரிக்கவில்லை.

ஈர்க்குச்சி:
பாக்கெட் அப்படியே இருக்கட்டும் சார். அடி இலை முதலில் மஞ்சளித்து உதிர்ந்தால் வேரில் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தழைச்சத்துக் குறைந்தாலும் அங்கேதான் தெரியும். முற்றிய இலையில் இருப்பதை உருவிப் புது இலைக்குக் கொடுத்துவிடும் செடி. இரும்பை அப்படி உருவ முடியாது, அதனால் அது போதாவிட்டால் கொழுந்துதான் வெளுக்கும். கொழுந்து இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நரம்பு பச்சையாக இருக்கிறதா? அப்புறம் கிளைக்கு அடியில் வெள்ளைத்தாள் பிடித்துத் தட்டுங்கள். விழுகிற தூசி நகர்ந்தால் செம்பேன்.

மொட்டைமாடிக்காரன்:
தாளில் ஒன்றும் நகரவில்லை. அடி இலையெல்லாம் கரும்பச்சை. கொழுந்து எலுமிச்சை நிறம், நரம்பு மட்டும் பச்சையாக வலை விரித்த மாதிரி. ஏப்ரலில் இருந்து போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். தட்டு விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, சுரண்டினால் மாவு மாதிரி உதிர்கிறது.

ஈர்க்குச்சி:
சரி, அந்த மாவுதான் விஷயம். போர் தண்ணீரில் வரும் சுண்ணாம்பு தங்கித் தங்கி மண் காரமாகிவிட்டது. மண்ணில் இரும்பு இருக்கும், வேரால் எடுக்க முடியாது. நர்சரி உரம் போட்டால் உப்புதான் ஏறும். செலேட் இரும்பு, அதாவது கார மண்ணிலும் வேர் எடுக்கிற மாதிரி கட்டிவைத்த இரும்பு வாங்குங்கள், ஆனால் இடிடிஏ (EDTA) வகை வேண்டாம். மண்ணின் பிஎச் (கார அளவு) 7-ஐத் தாண்டினால் அது நிற்காது. இடிடிஎச்ஏ (EDDHA) என்று கேட்டு வாங்குங்கள். மண்ணில்தான் ஊற்ற வேண்டும், அளவு பாக்கெட்டில் போட்டிருப்பதற்கு மேல் போகக்கூடாது. தண்ணீரை மாற்றாமல் இதை மட்டும் ஊற்றினால் நாலு மாதத்தில் மறுபடி இங்கே வந்து நிற்பீர்கள்.

அரசங்கன்று:
ஏசி குழாயில் வடிகிற தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றலாம், அதில் உப்பு கிடையாது. ஆர்ஓ மெஷின் கழிவுத் தண்ணீரை மட்டும் தொடாதீர்கள். நான் ஊற்றி ஒரு போகன்வில்லா போனது. (என் அரசு செம்பு நிறத்தில் துளிர்த்தபோது நோய் என்று நினைத்து ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அதன் துளிரே அந்த நிறம்தானாம்!)

மொட்டைமாடிக்காரன்:
ஐந்து வாரம் ஆச்சு. ஏசி தண்ணீர், இரண்டு முறை செலேட். வெளுத்த இலைகளில் சில அப்படியேதான் இருக்கின்றன, கிள்ளவில்லை. நேற்று வந்த மூன்று கொழுந்தும் பச்சை. நர்சரி பாக்கெட் முருங்கைக்குப் போனது.