சுருட்டுக் கொட்டில் கதை தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கிறியளோ?

எல்லாருக்கும் வணக்கம். எங்கட பரம்பரையை எழுதிக்கொண்டு வாறன், பேர், கலியாணம், சீதனக் காணி எல்லாம் பழைய உறுதியளிலயும் சாதகக் கட்டிலயும் ஓரளவு பிடிச்சிட்டன். ஆனா வெறும் பேரை வைச்சு என்ன செய்யிறது, அந்த மனுசர் விடிய எழும்பி என்ன செய்தினம், என்னத்தைச் சாப்பிட்டினம் எண்டுதான் எனக்கு அறிய ஆசை.

பூட்டன் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில புகையிலைத் தோட்டம் செய்தவர், கிணத்துத் துலா மிதிச்சுத் தண்ணி இறைப்பு, பேந்து சுருட்டுக் கொட்டிலும் வைச்சிருந்தவராம், 1905இல காங்கேசன்துறையில இருந்து கொழும்புக்கு ரயில் ஓடத் தொடங்கினாப்பிறகு ஏவாரம் நல்லாப் போனதாம்.

கொட்டிலில சுருட்டுச் சுத்தினவைக்கு நாள் கூலியோ எண்ணிக் கூலியோ? புகையிலையைப் பதப்படுத்தத் தெளிக்கிற கோடாத் தண்ணிக்கு என்னென்ன போட்டவை? வேலை நேரம் ஒராள் பேப்பர் வாசிக்க மற்றவை கேட்டுக்கொண்டு சுத்துவினமாம், அம்மம்மா சொல்லுவா, உங்கட வீட்டிலயும் அப்பிடிக் கதை இருக்கோ?

முக்கியமா, ஆள் செத்த 31ஆம் நாளுக்கு நினைவா அச்சடிக்கிற கல்வெட்டுப் புத்தகம் பழசா ஆரிட்டையும் இருந்தா போட்டோ எடுத்துப் போடுங்கோ. புலம்பல் பாட்டுக்கு முன்னால வாற வாழ்க்கைக் குறிப்புத்தான் வேணும், பாட்டு எல்லாத்திலயும் ஒரே மாதிரித்தான் கிடக்கு. நூலகம் இணையத்தளத்தில கிடைச்சதுகளைப் பாத்திட்டன், வலிகாமப் பக்கத்துப் பழசு எண்டா இன்னும் நல்லம்.