ஒன்பதே முக்கால் மணி விளக்கு

என் கணவரின் வேலைக்காக பிரான்ஸின் தென்மேற்கே, தொர்தோஞ் மாவட்டத்தில் சார்லா நகரை ஒட்டிய ஒரு கிராமத்தில் மூன்று வருடமாக இருக்கிறோம். போன ஜூனில் கும்பகோணத்திலிருந்து அத்தையும் மாமாவும், அதாவது என் மாமியார் மாமனார், வந்து 80 நாள் தங்கினார்கள். பாரிஸில் இருப்பவர்கள் வீட்டுக்கு உறவினர் வருவது வேறு, பக்கத்து வீடே அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊருக்கு வருவது வேறு.

முதலில் காகித வேலை. வருபவர்கள் நம் வீட்டில் தங்குவதென்றால் ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், 'அத்தெஸ்தாசியோன் தாக்கேய்' என்ற சான்று வாங்க வேண்டும். (புதுச்சேரிக் கடற்கரையில் இருக்கும் மேரி கட்டடம் தெரியுமல்லவா, அதே மேரிதான்.) சம்பளச் சீட்டு, வீட்டு வாடகைச் சீட்டு எல்லாம் காட்டி, 30 யூரோ வரிவில்லை ஒட்ட வேண்டும். கணவன் மனைவிக்குச் சேர்த்து ஒரே சான்று போதும். ஆனால் விசாவுக்காக மூலப் பிரதியையே ஊருக்கு அனுப்ப வேண்டும், நகல் செல்லாது. எங்கள் மேரி வாரத்தில் மூன்று அரை நாள்தான் திறந்திருக்கும். இது தெரியாமல் நான் இரண்டு முறை பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் எடுத்தோம். 180 நாளுக்குள் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்ற கணக்கும் உண்டு, அதனால்தான் 80 நாளோடு நிறுத்திக்கொண்டோம்.

அவர்கள் வந்து இறங்கிய அன்று பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பல் பக்கம் போய் கறிவேப்பிலை, உளுந்து, முருங்கைக்காய் எல்லாம் அள்ளிக்கொண்டு ரயில் ஏறினோம். போர்தோ வரைக்கும் இரண்டு மணி நேரம்தான். அதற்கப்புறம் சார்லாவுக்கு ஆடி அசைந்து போகிற வண்டியில் இரண்டரை மணிக்கும் மேல். மாமா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தவர், "வயல் இருக்கு, வீடு இருக்கு, ஆளைத்தான் காணோம்" என்றார். அடுத்த 80 நாளும் அவர் அதையேதான் சொன்னார்.

முதல் வாரத்தில் அத்தைக்கு வந்த சிக்கல் நான் கொஞ்சமும் நினைத்துப் பார்க்காதது. ஊரில் ஆறு மணி வாக்கில் விளக்கேற்றி, அதற்கப்புறம் சாப்பிட்டு, ஒன்பதுக்குப் படுத்துவிடுவார். இங்கே ஜூன் கடைசியில் சூரியன் மறைய ஒன்பதே முக்கால் ஆகிறது. பட்டப் பகலில் எப்படி அந்தி விளக்கு ஏற்றுவது? எட்டு மணிக்கு ஜன்னலைப் பார்ப்பார், ஒன்பதுக்குப் பார்ப்பார், கொட்டாவி விடுவார். "மணிப்படி ஏத்திடுங்க அத்தை" என்றேன். "சூரியன் உக்காந்திருக்கும்போது விளக்கு எதுக்கும்மா?" என்றார். அவ்வளவுதான், சாப்பாடும் ஒன்பதே முக்காலுக்குப் பிறகு என்றாயிற்று.

ஜூலை முதல் புதன்கிழமை நண்பகலில் ஊர் முழுக்கச் சங்கு ஊதியது. மாதத்தின் முதல் புதனன்று அபாயச் சங்கைச் சோதித்துப் பார்ப்பார்கள், எனக்குப் பழகிவிட்டதால் சொல்ல மறந்துவிட்டேன். அத்தை சமையலறையிலிருந்து ஓடி வந்தார். மாமா மட்டும் நிதானமாக, "இங்க மில்லு இருக்கா என்ன?" என்று கேட்டார்.

சாப்பாடு பற்றிச் சொல்லியாக வேண்டும். இருவரும் சைவம். பெரிகோர் (இந்த வட்டாரத்தின் பழைய பெயர்) என்றாலே வாத்துதான், இங்கே வாத்துக் கொழுப்பு சேராத சமையல் அபூர்வம். சார்லாவில் ஒரு உணவகத்தில் 'வெறும் உருளைக்கிழங்கு' என்று நம்பி ஒரு தட்டு சொன்னோம். பூண்டும் பார்ஸ்லியும் போட்டு மொறுமொறுவென்று வந்தது, மாமா ரசித்துச் சாப்பிட்டார். அன்று இரவுதான் அதை வாத்துக் கொழுப்பில் வறுப்பார்கள் என்று தெரிந்தது. இன்று வரை அவரிடம் சொல்லவில்லை. பாலாடைக்கட்டியிலும் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருள் இருக்கலாம், அட்டையைப் படித்து வாங்குங்கள்.

இன்னொரு தப்பு முழுக்க என்னுடையது. எங்கள் கிராமத்து வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது, தோட்டத்தில் புதைத்த கழிவுத் தொட்டிதான். அதற்குள் இருக்கிற நுண்ணுயிர்கள்தான் வேலையைச் செய்கின்றன. அத்தைக்குக் கழிவறை பளபளவென்று இருக்க வேண்டும், கடையில் ஜாவெல் என்ற பிளீச்சிங் திரவம் மலிவாகக் கிடைக்கிறது, தினமும் ஊற்றியிருக்கிறார். நானும் கவனிக்கவில்லை. மூன்றாவது வாரத்தில் தோட்டத்துப் பக்கம் போக முடியவில்லை. லாரி வரவழைத்துத் தொட்டியைச் சுத்தம் செய்ததில் லாஸ்கோ ஆதிகால ஓவியக் குகை, ரொக்கமதூர் மலைத் திருத்தலம் இரண்டுக்கும் ஒதுக்கிய பணம் போய்விட்டது.

லாஸ்கோவுக்கு மட்டும் எப்படியோ போய் வந்தோம். 1940-இல் கண்டுபிடித்த குகையை 1963-இலேயே மூடிவிட்டார்கள். வந்து போகிறவர்களின் மூச்சுக்காற்றே ஓவியங்களைக் கெடுத்ததாம். இப்போது காட்டுவது 2016-இல் திறந்த பிரதி. "நகலைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று மாமா முணுமுணுத்தார். உள்ளே ஐந்து மீட்டருக்கும் நீளமான காளை ஓவியத்தின் முன்னால் நின்றுவிட்டார். அவர்கள் வீட்டில் ஒரு காலத்தில் எட்டு மாடு. "வரைஞ்சவன் மாட்டுக்குப் பக்கத்துல வளந்தவன்டா" என்று மகனிடம் சொன்னார்.

ஆனால் இப்படி வெளியே போன நாட்களை எண்ணினால் மொத்தம் ஏழு. மீதி 73 நாள்? அதுதான் கேள்வி. நாங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு, கார் இல்லாமல், பேச ஆள் இல்லாமல் இரண்டு பெரியவர்கள் என்ன செய்வார்கள்? நான் அட்டவணை போட்டதெல்லாம் அந்த ஏழு நாளுக்குத்தான். ஜூலை நடுவில் அத்தை, "டிக்கெட்டை முன்னாடி மாத்த முடியுமா?" என்று கேட்டுவிட்டார்.

வெப்ப அலைதான் காப்பாற்றியது. 37 டிகிரி, இரவு ஒன்பது வரை வெயில். "இந்த வெயிலை இப்படி வீணடிக்கறீங்களே!" என்று அத்தை கிளம்பினார். அரிசியை ஊற வைத்து, அரைத்து, கூழ் கிண்டி, கொல்லையில் வெள்ளைத் துணி விரித்து வடாம் பிழிந்தார். காக்கைக்குப் பதிலாக இங்கே மாக்பை. மாமா தொப்பி போட்டுக்கொண்டு குச்சியோடு காவல். பக்கத்து வீட்டு அம்மாள், எண்பது வயது இருக்கும், தோட்டத்தில் காய்த்துத் தள்ளிய சுக்கினியைக் கொடுக்க வந்தவர் துணியைப் பார்த்து நின்றார். பொரித்துக் கொடுத்ததும் உட்கார்ந்தார். மறுநாள் ஒரு சட்டி நிறைய வால்நட்டோடு வந்துவிட்டார். அத்தை தமிழில் பேசினார், அவர் பிரெஞ்சில் பேசினார், பெரும்பாலும் மூட்டுவலியைப் பற்றி என்று நினைக்கிறேன். டிக்கெட் பேச்சு அதற்கப்புறம் எழவில்லை. சுக்கினிக் கூட்டு மட்டும் வாரத்தில் நான்கு நாள்.

இந்த வருடம் அக்டோபர் கடைசியில் வரச் சொல்லியிருக்கிறோம். போனில் அத்தை குளிரைப் பற்றியோ விமானத்தைப் பற்றியோ கேட்கவில்லை. "அப்ப அங்க எத்தனை மணிக்கு இருட்டும்?" என்றார். கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளியதும் ஆறுக்கெல்லாம் இருட்டிவிடும் என்றேன்.

"அப்படின்னா சரி. ஆனா வடாம் காயாதே?" என்றார்.