பாறைக் கரையோர நடை: எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணிக்கு?

விடுதி_முதலாண்டு:
வகுப்பில் எட்டுப் பேர் சனிக்கிழமை காலை பாறைகளை ஒட்டி 3 கி.மீ. நடந்து, மறுமுனை மணலில் குளித்துவிட்டு, அதே வழியில் திரும்பலாம் என்றிருக்கிறோம். திங்களன்று அசைன்மென்ட் கொடுக்க வேண்டும். எப்போது கிளம்பலாம்? அடுத்த வாரத்துக்குத் தள்ளினால் பரவாயில்லையா?

ஓதக்கணக்கு:
தள்ளினால் எல்லாமே மாறிவிடும். கடல்மட்டம் நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்கும் கரைகளில் இந்த ஏற்ற இறக்கம், அதாவது ஓதம், தினமும் சுமார் 50 நிமிடம் பிந்தும். ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். இந்தச் சனி காலை 9 மணிக்குத் தாழ் ஓதம் (நீர் மிகவும் வற்றிய நேரம்) என்றால், அடுத்த சனி அதே நேரத்தில் கடல் ஏறி நிற்கும். அதற்கடுத்த சனி மறுபடி காலையில் வற்றும். ஆகவே ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் காலை நடை சரிப்படும். தேதி குறிக்குமுன் அந்தந்தத் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையைப் பாருங்கள். சில கரைகளில் நாளுக்கு ஒரே ஏற்றம்தான்.

தாழ் ஓதம் 9 மணி என்றால் 7 மணிக்குக் கிளம்புங்கள். பாறையில் 3 கி.மீ.க்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகும். 9 மணிக்கு மறுமுனையிலிருந்து திரும்பி நடக்கத் தொடங்கிவிட வேண்டும். தாழ் ஓதத்துக்குப் பிறகு முதல் இரண்டு மணி நேரத்தில் மொத்த ஏற்றத்தில் கால்பங்குதான் ஏறும். அடுத்த இரண்டு மணி நேரத்தில் பாதி ஏறிவிடும். பலர் மாட்டிக்கொள்வது அப்போதுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் இன்னும் அதிகம்.

கரைக்காவல்:
மறுமுனையில் குளிப்பதை விட்டுவிடுங்கள். நேரமும் இல்லை, உயிர்காப்பாளரும் இருக்க மாட்டார். திரும்பி வந்து, உயிர்காப்பாளர் கண்காணிக்கும் பகுதியைக் காட்டும், சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளுக்கு நடுவில் குளியுங்கள். இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாகக் கருத்துத் தெரியும் பட்டை இருந்தால் அங்கே இறங்கவே கூடாது. உடைந்த அலைநீர் கடலுக்குத் திரும்பும் வழி அது. அந்த நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கி நீந்திக் களைக்காதீர்கள். அது ஆளை அடியில் அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். மிதந்து மூச்சைச் சீராக்கி, கரைக்கு இணையாக நீந்தி விலகி, பிறகு அலை உடையும் பக்கமாக வாருங்கள். கையை உயர்த்தி உதவி கேளுங்கள். நண்பர் மாட்டினால் வெறுங்கையோடு பின்னால் குதிக்காமல், மிதக்கும் எதையாவது வீசுங்கள்.

விடுதி_முதலாண்டு:
காலணி? வெயில்?

ஓதக்கணக்கு:
ரப்பர் செருப்பு வேண்டாம், பாசியில் வழுக்கும். குதிகாலில் பட்டையுள்ள, அடி நன்கு பிடிக்கும் காலணி போடுங்கள். சன்ஸ்கிரீன் உடம்பு முழுக்க ஒருவருக்கு 30 மி.லி., இரண்டு மணிக்கொரு முறை, குளித்ததும் மறுபடி. பதினொன்றுக்குள் நடை முடியும். ஞாயிறு முழுக்க எழுதலாம்.