மறு: சுருட்டின் ‘கன்ஸ்ட்ரக்‌ஷன்’, ‘ட்ரா’, ‘பாடி’ – தமிழில் எப்படி?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> "கட்டமைப்பு" என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே.

ஐயா, சுருட்டின் ‘கன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்பதற்குக் ‘கட்டமைப்பு’ என்று வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இழையைத் தொடங்கிய அம்மா மொழிபெயர்க்க எடுத்துக்கொண்டிருப்பது பத்ரோன் 1964 வரிசைச் சுருட்டைப் பற்றிப் புகைப்பவர்கள் எழுதிய கருத்துகளை. அந்தச் சுருட்டையே வைத்துப் பேசினால் எளிதாக இருக்கும். கியூபாவை விட்டு வெளியேறிய ஹோசே ஒர்லாண்டோ பத்ரோன் 1964இல் மயாமியில் தொடங்கிய நிறுவனம் அது. அதன் 30ஆம் ஆண்டை ஒட்டி, 1994இல் இந்த வரிசை வந்தது. இலை முழுவதும் நிகராகுவாவில் விளைந்தது, நான்கு ஆண்டு முதிர வைத்தது. சுற்றுவது அங்குள்ள எஸ்தெலி நகரில். சுருட்டு உருளையாக இருக்காது, நான்கு பக்கமும் அழுத்திச் சதுரமாக இருக்கும்.

இதைப் புகைத்தவர்கள் எழுதுவதில் இரண்டு வகை வாக்கியங்கள் வருகின்றன. ஒன்று சுவை பற்றியது: கோக்கோ, காப்பி, வறுத்த கொட்டை, கொஞ்சம் மிளகு. இன்னொன்று சுருட்டு செய்யப்பட்டிருக்கும் விதம் பற்றியது: கோணாமல் எரிகிறது, சாம்பல் உதிராமல் நிற்கிறது, இழுத்தால் தடையில்லாமல் வருகிறது, ஒரு பெட்டியில் இருப்பதுபோலவே அடுத்த பெட்டியிலும் இருக்கிறது. இரண்டாவது வகையைத்தான் அவர்கள் ‘கன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்ற ஒரே சொல்லில் அடக்குகிறார்கள்.

‘கட்டமைப்பு’ என்று போட்டால் படிப்பவருக்குப் பாலமும் கட்சியும்தான் நினைவுக்கு வரும். ‘இந்தச் சுருட்டின் கட்டமைப்பு சிறப்பு’ என்று எழுதினால் எதைப் பாராட்டுகிறோம் என்றே தெரியாது. சுருட்டுக்குள் தூண் எதுவும் இல்லை. ஒருவர் கையால் இலையை அடுக்கி, உருட்டி, இன்னொரு இலையைச் சுற்றி, அதன்மேல் இன்னொன்றைப் போர்த்தியதில் கிடைத்த உடம்பு அது. நமக்கு வேண்டியது அந்த உடம்பைச் சொல்லும் சொல்.

‘செய்நேர்த்தி’ நல்ல சொல்தான். ஆனால் அது செய்தவரைப் பாராட்டுவது. மோசமான சுருட்டுக்கும் ஒரு ‘கன்ஸ்ட்ரக்‌ஷன்’ உண்டு, அதைச் செய்நேர்த்தி என்று சொல்ல முடியாது. ‘கட்டு’ எனக்கு முதலில் பிடித்தது, உடற்கட்டு என்கிறோமே, அதுபோல. அதற்கு யாழ்ப்பாணத்து அண்ணா எழுதியது சரியான மறுப்பு:

> சுருட்டுக் கட்டு என்றால் எங்கட ஊரில் கடையில் வாங்குகிற கட்டு. ஆட்கள் அப்படித்தான் விளங்கிக்கொள்வினம்.

ஆக, என் முன்மொழிவு சுற்றுவாகு. உடல்வாகு, கைவாகு என்று வாகு நம் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. சுற்றியதால் அமைந்த வாகு சுற்றுவாகு. ‘சுற்றுவாகு நன்று’, ‘சுற்றுவாகு சரியில்லை’ என்று இரண்டு பக்கமும் சொல்லலாம். ‘பத்ரோன் 1964இன் சுற்றுவாகு பெட்டிக்குப் பெட்டி மாறுவதில்லை’ என்று எழுதிப் பாருங்கள், நாக்கில் தடங்கல் இல்லாமல் போகிறது.

அடுத்து ‘ட்ரா’, அதாவது இழுக்கும்போது புகை எவ்வளவு தடையில்லாமல் வருகிறது என்பது. இழுப்பு, இழுவை இரண்டும் வந்திருக்கின்றன. இரண்டுமே வேண்டும், வேறு வேறு வேலைக்கு. ‘ஒரு இழுப்பு இழுத்தான்’ என்கிறோம், அது ஒரு தடவைச் செயல். சுருட்டின் குணமாக எப்போதும் அதனிடம் இருப்பது இழுவை. ‘முதல் இழுப்பிலேயே இழுவை இறுக்கம் என்று தெரிந்துவிட்டது.’ இப்படிப் பிரித்துவிட்டால் சிக்கல் இல்லை. இயற்பியலில் இழுவை வேறு பொருளில், காற்றின் தடைவிசையாக, இருக்கிறதே என்ற ஆட்சேபம் உண்மைதான். விமானத்தைப் பற்றிய கட்டுரையும் சுருட்டைப் பற்றிய கட்டுரையும் ஒன்றோடொன்று மோதப்போவதில்லை என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். இன்னொரு வசதியும் இருக்கிறது. இன்று பல தொழிற்சாலைகளில் மேல் இலையைப் போர்த்துவதற்கு முன்பே, உள்கூட்டைக் கருவியில் பொருத்திக் காற்றை உறிஞ்சிப் பார்க்கிறார்கள். அந்தக் கருவியை இழுவைமானி எனலாம்.

இழுவை ஏன் கெடுகிறது என்று தெரிந்தால் மற்ற சொற்களும் தானாக வரும். சுற்றுபவர் இடது உள்ளங்கையில் இலைகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறார். ஒவ்வோர் இலையையும் மெல்லிய குழல்போலச் சுருட்டி, பக்கத்தில் பக்கமாக வைக்கிறார். குழல்களுக்கு நடுவே காற்று போக வழி இருக்கும். நேரமில்லாதவர் இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் புத்தகம்போல மடித்துவிடுவார். முதல் முறையைக் குழலடுக்கு என்றும் இரண்டாவதை மடிப்படுக்கு என்றும் சொல்லலாம். எந்த முறையானாலும் ஓர் இலை முறுக்கிக்கொண்டால், அல்லது ஓரிடத்தில் அதிகம் திணித்துவிட்டால், அங்கே அடைப்பு. இதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்துச் சுருட்டை நுனியிலிருந்து மெல்ல அழுத்திக்கொண்டே வந்தால் கெட்டியான இடம் விரலுக்குத் தெரியும், தொளதொள என்றிருக்கும் இடமும் தெரியும். முன்னதில் புகை வராது, பின்னதில் நெருப்பு வேகமாக ஓடி வாய் சுட்டுவிடும். விரலுக்குத் தெரியும் அந்தத் தன்மைக்கு நெருக்கம் போதும்.

இலைகளின் பெயரில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும். வெளி இலைக்கு மேலிலை, நடுவில் பிடித்துக்கொள்ளும் இலைக்குக் கட்டிலை, உள்ளே இருப்பதற்கு உள்ளிலை என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். ‘கட்டிலைப் பிரித்துப் பார்த்தேன்’ என்று எழுதினால் படுக்கும் கட்டில் என்று வாசிப்பார்கள். அதனால் இப்போதைக்கு அது பிடியிலை ஆகட்டும். மேலிலையில் வேறு சிக்கல். கியூபாவில் இலையைச் செடியில் எந்த உயரத்தில் பறித்தது என்பதை வைத்துப் பிரிக்கிறார்கள். கீழே இருப்பது வொலாதோ, நன்றாக எரியும். நடுவில் செகோ, மணம் தருவது. உச்சியில் லிகேரோ, வெயிலை வாங்கித் தடித்தது, மெதுவாக எரிவது, சுருட்டுக்கு வலுவே அதுதான். இவற்றை அடியிலை, நடுவிலை, உச்சியிலை என்று வைத்தால் பறிப்பவருக்கும் புரியும். ஆனால் அப்போது ‘மேலிலை’ செடியின் மேல் இலையா, சுருட்டின் மேல் இலையா என்ற ஐயம் வந்துவிடும். ஆகவே வெளி இலையை உறையிலை என்போம். இனி ‘உச்சியிலையை எப்போதும் உள்ளிலையின் மையத்தில் வைப்பார்கள், ஓரத்தில் வைத்தால் ஒருபக்கம் எரியாமல் நிற்கும்’ என்று குழப்பமில்லாமல் எழுத முடியும்.

எரிவதில் வரும் குறைகளுக்கு வந்த பரிந்துரைகளில் ‘படகெரிவு’ வேண்டாம். ஆங்கிலத்தில் அவர்கள் பார்த்த உருவம் அது, நமக்கு அதில் படகு தெரியாது. ஒருபக்கம் மட்டும் வேகமாக எரிந்து போவதை ஓரவெரிவு என்றும், உறையிலை எரியாமல் நிற்க நெருப்பு உள்ளேயே குடைந்துகொண்டு போவதை உட்குடைவு என்றும் சொன்னால் பார்த்தவுடன் விளங்கும். நெருப்பும் இலையும் சந்திக்கும் கறுத்த விளிம்பு எரிவிளிம்பு. அது நேராக இருந்தால் சுற்றுவாகு சரி. சாம்பலுக்குத் தனிச்சொல் வேண்டாம், ‘சாம்பல் நிற்கிறது’, ‘சாம்பல் உதிர்கிறது’ போதும். வெள்ளைச் சாம்பல் என்றால் உயர்ந்த சுருட்டு என்று பலர் எழுதுகிறார்கள். நிறம் பெரும்பாலும் மண்ணிலிருந்து இலைக்கு வந்த தாதுக்களைப் பொறுத்தது. அதை மொழிபெயர்ப்பில் அப்படியே விடலாம், சொற்பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை.

‘ரிங் கேஜ்’ பற்றி ஒரு வரி. ‘சுற்றளவு எண்’ தவறு. அந்த எண் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு என்ற கணக்கில் விட்டத்தைச் சொல்கிறது. 50 என்றால் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் தடிமன். பருமன் எண் என்று வையுங்கள், ‘பருமன் 50’ என்று சுருக்கமாகவும் எழுதலாம்.

சரி, சுவைக்கு வருகிறேன். எனக்கு இந்த இழையில் மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்.

> ஸ்ட்ரெங்த், பாடி, ஸ்பைஸ் மூன்றுக்கும் ‘காரம்’, ‘வலிமை’ என்று மாற்றி மாற்றி எழுதியிருக்கிறேன். படிப்பவர்கள் குழம்புகிறார்கள்.

அம்மா, குழம்பத்தான் செய்வார்கள். மூன்றும் மூன்று இடத்தில் நடப்பவை. புகையிலையோடு பழகிய நம் ஆட்கள் இதற்கான சொற்களை ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். வெற்றிலை போடுபவர் ‘புகையிலை காட்டமாக இருக்கிறது’ என்றால் தலை சுற்றும், வயிறு பிரட்டும் என்று அர்த்தம். அது நிக்கோட்டின் செய்கிற வேலை. ஆகவே ‘ஸ்ட்ரெங்த்’ என்பது காட்டம். நாக்கின் நுனியிலும் மூக்கிலும் மிளகுபோல உறைப்பது, அதாவது ‘ஸ்பைஸ்’, காரம். புகை வாயில் நிரம்பி நிற்கும் பாரம், மோருக்கும் தயிருக்கும் இருக்கிற வித்தியாசம்போல, அதுதான் ‘பாடி’, அது கனம். இந்த மூன்றையும் பிரித்துவிட்டால் பத்ரோன் 1964 பற்றி இப்படி எழுதலாம்: ‘கனமான புகை, தொடக்கத்தில் கொஞ்சம் காரம், காட்டம் நடுத்தரத்துக்குச் சற்று மேல்.’ ஆங்கிலத்தில் எழுதிய புகைப்பவர் சொன்னதும் இதுதான், தமிழில் படிப்பவருக்குக் கிடைப்பதும் இதுதான்.

‘இப்படியெல்லாம் சொல் செய்து கொடுத்தால் புகைப்பழக்கத்துக்கு நாமே விளம்பரம் செய்வதுபோல ஆகாதா’ என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அவருடைய கவலை எனக்கும் உண்டு. ஆனால் காட்டம் என்ற சொல் மருத்துவருக்கும் தேவைப்படும். சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் கெடுதல் இல்லை என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. வாயில் வைத்திருக்கும்போதே நிக்கோட்டின் கன்னத்துச் சவ்வு வழியாக இரத்தத்தில் ஏறிவிடும். வாய்ப்புற்றும் தொண்டைப்புற்றும் சுருட்டுப் பிடிப்பவர்களுக்கும் வருகின்றன. அதைத் தமிழில் தெளிவாக எழுதவும் இதே சொற்கள்தான் வேண்டும். (இங்கே வேதியியலின் ‘காரத்தன்மை’ வந்து மிளகின் காரத்தோடு மோதுவதைக் கவனித்திருப்பீர்கள். மருத்துவக் குறிப்புகளில் ‘காரத்தன்மை’, சுவைக் குறிப்புகளில் ‘காரம்’ என்று நிறுத்திக்கொள்வோம்.)

மூக்கு தொடர்பான சொற்களிலும் நம்மிடம் பஞ்சமே இல்லை. சரியாக முதிராத இலையில் அமோனியா மிஞ்சியிருக்கும், மூக்கைச் சுள்ளென்று தாக்கும். ஆங்கிலக் குறிப்புகளில் அதை ஒரு வாக்கியமாக விளக்குகிறார்கள், நமக்கு நெடி என்ற இரண்டெழுத்து போதும். தொண்டையைப் பிடித்து இருமல் வரவைப்பது கமறல். மிளகாய் வறுக்கும் வீட்டில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாக்கை உலரவைப்பது துவர்ப்பு. நல்ல புகை மணம். இவற்றை எல்லாம் ‘நறுமண விரும்பத்தகாமை’ என்பதுபோல நீட்டி எழுதியிருக்கிறார் ஒருவர். தயவுசெய்து வேண்டாம்.

அப்புறம் ‘பாடம்’, அதாவது பறித்த இலையைப் பதப்படுத்துவது. ‘நொதித்தல்’ என்று மட்டும் பட்டியலில் இருக்கிறது. புகையிலையைப் பாடம் செய்வது என்பது நம் உழவர்களிடமும் வியாபாரிகளிடமும் புழங்கும் வழக்கு. முதலில் கொட்டகையில் தொங்கவிட்டுப் பச்சை போய்ப் பழுப்பாக்குவார்கள், அதை உலர்பாடம் என்போம். பிறகு ஈரம் தெளித்துப் பெரிய குவியலாக அடுக்குவார்கள். குவியலின் நடுவில் தானாகச் சூடு ஏறும், கையை நுழைத்தால் சுடும். சூடு அளவு மீறினால் இலை கருகிக் கெட்டுவிடும் என்பதால், குவியலைப் பிரித்து உள்ளே இருந்ததை வெளியே, வெளியே இருந்ததை உள்ளே வைத்துத் திரும்பக் கட்டுவார்கள். நெடி வெளியேறுவது இந்தக் கட்டத்தில்தான். இதைக் குவிபாடம் எனலாம். ‘மதூரோ’ என்று எழுதுகிறார்களே, அந்தக் கறுத்த உறையிலை குவிபாடத்தில் கூடுதல் காலமும் கூடுதல் சூடும் கண்டது. ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பழுத்தது என்று பொருள். முதிர்பாட இலை என்று வைத்தால் நிறத்தை மட்டும் சொல்லாமல், நிறம் எப்படி வந்தது என்பதையும் சொல்கிறது.

நாம் ஏன் தொழிலாளர் வாயிலிருந்து சொல் எடுக்க வேண்டும் என்று கேட்ட ஐயாவுக்கு: இந்தத் துறையில் ஆங்கிலமே நம்மிடம்தான் கடன் வாங்கியது. ‘செரூட்’ என்பது நம் சுருட்டு. ஹவானாவின் எல் ஃபிகரோ ஆலையில் 1865இல், சுற்றுபவர்களுக்கு ஒருவர் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் வாசிக்கும் வழக்கம் தொடங்கியது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் பத்திரிகை வாசித்துக் காட்டும் வழக்கம் இருந்தது. காலை முதல் மாலை வரை தமிழைக் காதில் வாங்கிக்கொண்டே இலையைச் சுற்றியவர்களுக்கு, ஓரவெரிவுக்கும் அடைப்புக்கும் பெயர் இல்லாமலா இருந்திருக்கும்? அவை அகராதியில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உறையூர், திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கம் உறவினர் உள்ளவர்களும் யாழ்ப்பாணத்து நண்பர்களும், சுருட்டு சுற்றிய பெரியவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள். முக்கியமாக மூன்று விஷயம்: பிடியிலைக்கு அவர்கள் என்ன சொன்னார்கள், வாய் வைக்கும் முனையை மூடும் சிறு இலைத்துண்டுக்குப் பெயர் உண்டா, புகைத்து முடித்த பிறகு நாக்கில் தங்கும் சுவையை எப்படிச் சொல்வார்கள். கடைசியில் உள்ளதற்கு ‘பின்சுவை’ என்று வந்திருப்பதை நான் இன்னும் ஏற்கவில்லை. பிடியிலை இப்போதைக்கு இருக்கட்டும், மற்ற இரண்டு இடத்தையும் பட்டியலில் காலியாகவே விட்டிருக்கிறேன். சுற்றுவாகு, இழுவை, காட்டம், காரம், கனம் ஐந்துக்கும் மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள், அம்மாவின் மொழிபெயர்ப்பு அதற்காகத்தான் நிற்கிறது.

அன்புடன்