ஆல்வைஸ் தரவில் சாதாரண நட்சத்திரங்களும் தூசி சூழ்ந்த மாதிரி வருகின்றன, ஏன்?

கோபி மாணவி
வணக்கம். கோபிச்செட்டிபாளையம், எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. நடுவில் கருந்துளை தீவிரமாக இயங்கும் கேலக்ஸிகளை வைஸ் அகச்சிவப்புத் தொலைநோக்கியின் ஆல்வைஸ் அட்டவணையில் இருந்து பிரித்தெடுப்பதுதான் புராஜெக்ட். பால்வீதியின் நெரிசல் வேண்டாம் என்று கன்னி ராசிப் பக்கம் ஒரு துண்டு வானத்தை எடுத்தேன். கிடைமட்டத்தில் டபிள்யூ2 – டபிள்யூ3, செங்குத்தில் டபிள்யூ1 – டபிள்யூ2 (டபிள்யூ1 முதல் 4 வரை என்றால் 3.4, 4.6, 12, 22 மைக்ரான் பட்டைகளில் பிரகாச எண்; எண் கூடினால் மங்கல்). நட்சத்திரங்கள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் குவிய வேண்டும் அல்லவா? எனக்கு அங்கே கொஞ்சம்தான் இருக்கிறது. பெருங்கூட்டம் கிடைமட்டத்தில் 3ஐச் சுற்றி, தூசி சூழ்ந்த கேலக்ஸிகள் வரும் இடத்தில் நிற்கிறது. அவற்றில் பலவற்றை ஆப்டிகல் படத்தில் பார்த்தால் வெறும் நட்சத்திரங்கள். டபிள்யூ3 அளவீட்டின் பிழை அளவைத் தரும் நிரல் (காலம்ன்) பல இடங்களில் காலியாக இருந்தது, ப்ரோக்ராம் நிற்கக் கூடாது என்று பூஜ்யம் நிரப்பினேன். அடுத்த வாரம் ரிவ்யூ. யாராவது சொல்லுங்களேன்.

ஈரோட்டு ஆய்வு மாணவன்
அந்தக் காலி இடம்தான் விடை. பிழை மதிப்பு இல்லையென்றால் அந்தப் பட்டையில் பொருள் தெரியவே இல்லை என்று அர்த்தம். அட்டவணை தருவது "இதைவிடப் பிரகாசமாக இருக்க முடியாது" என்ற எல்லையை மட்டும். 'பிஎச் குவால்' என்ற தரக்குறி நிரலில் நான்கு எழுத்து இருக்கும், பட்டைக்கு ஒன்று. மூன்றாவது எழுத்து 'யூ' என்றால் அதை அளவீடாக எடுக்கக் கூடாது.

3 எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். மங்கலான நட்சத்திரத்துக்கு டபிள்யூ2 சுமார் 15 இருக்கும். டபிள்யூ3இன் எல்லை 12க்குப் பக்கம் போய் நிற்கும். கழித்தால் 3. அது நட்சத்திரத்தின் நிறம் இல்லை, கருவியின் எல்லை. மூன்றாவது எழுத்து 'ஏ' அல்லது 'பி' உள்ளவற்றை மட்டும் வைத்து மறுபடி வரையுங்கள். பூஜ்யம் நிரப்பும் வரியை முதலில் அழியுங்கள்.

பல்லடம் மில்காரன்
அம்மணி, கன்னி ராசி சூரியன் போகும் பாதையிலேயே இருக்கிறது. நம் சூரியக் குடும்பத் தூசி 12 மைக்ரானில் நன்றாக ஒளிரும், அந்தப் பாதையில்தான் அது அடர்த்தி. போதாததற்கு, வைஸ் துருவத்துக்குத் துருவம் சுற்றியதால் படங்கள் துருவங்களில் குவிந்தன, கன்னிப் பக்கம் குறைவு. டபிள்யூ3க்கு இதைவிட மோசமான இடம் தேடினாலும் கிடைக்காது.

கோபி மாணவி
நன்றிங்க ரெண்டு பேருக்கும். வடிகட்டியதும் 3ல் நின்ற கூட்டம் பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் பட்டியலும் ரொம்பச் சுருங்கிவிட்டது. வைஸ் 2024 வரை வேலை செய்ததே, புதிய தரவைச் சேர்த்தால் டபிள்யூ3 ஆழமாகாதா?

பல்லடம் மில்காரன்
ஆகாதுங்க. 2009 டிசம்பரில் ஏவியபோது உறைந்த ஹைட்ரஜன்தான் குளிர்ச்சி கொடுத்தது. 2010 ஆகஸ்டில் ஒரு தொட்டி காலி, 22 மைக்ரான் போனது. செப்டம்பர் கடைசியில் இன்னொன்றும் காலி, 12 மைக்ரானும் போனது. எங்கள் மில்லில் பேனல் போர்டுச் சூட்டைத் தெர்மல் கேமராவில் பார்ப்போம். அந்த கேமராவின் லென்ஸே தகித்தால் என்ன தெரியும்? அதே கதைதான். நமக்கு மைனஸ் 200 டிகிரி குளிர், 12 மைக்ரான் உணரிக்கு அதுவே கொதிப்பு. 3.4, 4.6 இரண்டும் தாக்குப்பிடித்தன. 2013 டிசம்பரில் நியோவைஸ் என்று மறுபடி எழுப்பி, 2024 ஆகஸ்டில் அணைக்கும் வரை அந்த இரண்டோடுதான் ஓட்டினார்கள். சிறுகோள்களைத் தேட எழுப்பியது, மற்றவர்களுக்கும் லாபம்.

ஈரோட்டு ஆய்வு மாணவன்
என்னைக் கேட்டால் டபிள்யூ3ஐயே விட்டுவிடுங்கள். 2012ல் வானியலாளர் ஸ்டெர்ன் குழு போட்ட விதி போதும்: டபிள்யூ2 15.05ஐவிடப் பிரகாசமாக இருக்க வேண்டும், டபிள்யூ1 – டபிள்யூ2 0.8க்குக் குறையக் கூடாது. கருந்துளையைச் சுற்றிய தூசி ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேறி 3, 4 மைக்ரானிலேயே ஒளிரும். நட்சத்திரத்தில் அந்த வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். பிரகாசமான சிலவற்றுக்கு நியோவைஸ் தனிப் படங்களையும் எடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுமார் பத்துப் படம். பத்து வருட ஏற்ற இறக்கம் கையில் இருந்தால் ரிவ்யூவில் கேள்வி கேட்பவர்களுக்கு அது போதும்.

போலிப் பதிவுகளைக் காட்டும் 'சிசி ஃப்ளாக்ஸ்' என்ற கொடி நிரலையும் விடாதீர்கள். பெரிய எழுத்து 'டி' என்றால் பக்கத்துப் பிரகாச நட்சத்திரத்தின் கதிர்க்கோடு, 'ஹெச்' என்றால் ஒளிவட்டம்.

கோபி மாணவி
போட்டுப் பார்த்தேன், இப்போது படம் பாடப்புத்தகம் மாதிரி வருகிறது. ஒரு பொருள் மட்டும் இடிக்கிறது. டபிள்யூ1 – டபிள்யூ2 3.1. தரக்குறி, கொடி எல்லாம் சுத்தம். ஆப்டிகலில் ஒன்றுமே இல்லை.

ஈரோட்டு ஆய்வு மாணவன்
அது பழுப்புக் குறுமீனாக, அதாவது நட்சத்திரமாக எரிய எடை போதாத பொருளாக இருக்கலாம். அதன் மீத்தேன் 3.4 பக்கத்து ஒளியை விழுங்கிவிடும், 4.6 மட்டும் தப்பும். 2014ல் வானியலாளர் லுஹ்மன் கண்ட வைஸ் 0855 என்ற குறுமீன் அப்படித்தான் சிக்கியது. ஏழு ஒளியாண்டு சொச்ச தூரம், பனிக்கட்டியைவிடக் குளிர்ச்சி. அதைக் காட்டிக்கொடுத்தது நகர்வு. வைஸ் படங்களை வரிசையாக ஓட்டிக் காட்டும் வைஸ்வியூ தளத்தில் உங்கள் ஆயத்தொலைவைக் கொடுத்து 2010 முதல் படங்களை ஓட்டிப் பாருங்கள். நகர்ந்தால் பட்டியலில் இருந்து எடுங்கள், ஏற்கெனவே பதிவானதா என்று சிம்பாட் என்ற வான்பொருள் தரவுத்தளத்திலும் தேடுங்கள். நகராமல் 12, 22 மைக்ரானில் பளிச்சென்று இருந்தால், தூசியில் புதைந்த தூரத்துக் கேலக்ஸி. அப்போது மட்டும் டபிள்யூ3 வேண்டும்.

கோபி மாணவி
கரண்ட் போய்விட்டது, வந்ததும் ஓட்டிவிட்டுச் சொல்கிறேன்.